கைபேசியில் பணிப்பயிற்சி: யாழ்ப்பாணத்துச் சிறு நிறுவனங்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

நல்லூர்க் கொடியேற்றம் கிட்டும்போது கோயிலைச் சுற்றியுள்ள ஐஸ்கிறீம் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் புதிதாக ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். திருவிழா 25 நாள். இன்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை நாளைக்கே கவுண்டரில் நிற்க வேண்டும். முதலாளிக்கு வகுப்பு வைக்க நேரமில்லை. பழைய ஆட்களுக்கோ சொல்லிக்கொடுக்க மூச்சுவிடவும் நேரமில்லை. அப்போது யாராவது ஒருவர் சொல்லுவார்: "எல்லாரிட்டையும் போன் இருக்குத்தானே, அதில போட்டு விடுவம்."

நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? கணினியில் தட்டி வைத்திருந்த 20 பக்கக் குறிப்பு பிடிஎஃப் ஆகி வட்ஸ்அப் குழுவுக்குப் போகும். கீழே "எல்லாரும் கட்டாயம் வாசிக்கவும்" என்று ஒரு வரி. பத்துப் பேர் கட்டைவிரல் படம் போடுவார்கள். யார் வாசித்தார்கள், யாருக்கு விளங்கியது, யார் நாளைக்குச் சரியாகச் செய்யப் போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

கைபேசிக்கென்று பயிற்சி தயாரிப்பது தனி வேலை. பெரிய செலவு இல்லை, கணினிப் படிப்பும் தேவையில்லை. ஆனால் வேலை நடக்கிற இடத்தையும் வேலை செய்கிற ஆளையும் உற்றுப் பார்க்கிற பொறுமை வேண்டும். முதன்முதலாக இதைச் செய்யப்போகும் கடை முதலாளி, மேற்பார்வையாளர், கூட்டுறவுச் சங்க உத்தியோகத்தர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு ஐஸ்கிறீம் கடையை எடுத்துக்கொள்வோம். பாமசிக்கும் அரிசி ஆலைக்கும் தங்குவிடுதிக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில் பிழை எங்கே நடக்கிறது என்று பாருங்கள்

"என்னென்ன சொல்லிக்கொடுக்கலாம்" என்று யோசித்தால் பட்டியல் முடிவில்லாமல் நீளும். அதற்குப் பதிலாக அரை நாள் கவுண்டருக்குப் பின்னால் நில்லுங்கள். புது ஆட்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்? எதைக் கேட்கத் திரும்பத் திரும்பப் பழைய ஆளிடம் ஓடுகிறார்கள்? எந்தச் சாமான் வீணாகிறது? வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுகிறார்? இவற்றைக் குறித்தாலே முதல் ஐந்தாறு பாடங்களுக்கான தலைப்புகள் கையில் வந்துவிடும்.

குறித்த எல்லாப் பிழைகளும் பயிற்சியால் தீராது. பிறீசர்க் கதவின் ரப்பர் கிழிந்து குளிர் வெளியேறினால் அதற்கு எந்தப் பாடமும் மருந்தில்லை. ரப்பரை மாற்ற வேண்டும். வெப்பமானியே இல்லாத பிறீசரின் வெப்பநிலையை யாரால் பார்க்க முடியும்? நான்கு பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் நின்றால் கை கழுவ மறப்பது அறியாமையால் அல்ல. இப்படியானவற்றை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் பயிற்சிக்கு எடுங்கள். இந்த வடிகட்டலைச் செய்யாமல் பாடம் தயாரித்தால், நிர்வாகம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் தங்கள் தலையில் போடுகிறது என்று பணியாளர்கள் நினைப்பார்கள். அப்படி நினைப்பது நியாயமும்தான்.

அடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வசனம் எழுதுங்கள்: இதை முடித்த பின் இவர் என்ன செய்வார்? "சுகாதாரத்தின் அவசியத்தை உணர்ந்துகொள்வார்" என்று எழுதினால் உணர்ந்தாரா இல்லையா என்று பார்க்க வழியில்லை. "கடை திறந்ததும் பிறீசரின் வெப்பநிலையைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார், மைனஸ் 18 பாகையை விடச் சூடாக இருந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுவார்" என்று எழுதினால் நாளைக்கே போய்ப் பார்க்கலாம். ஒரு பாடத்துக்கு இப்படி ஒரு வசனம் போதும். இரண்டாவது வசனம் வந்தால் அது இரண்டாவது பாடம்.

எல்லாவற்றையும் போனுக்குள் தள்ளவும் வேண்டாம். கோனில் ஐஸ்கிறீம் சரியான அளவில் எடுத்து வைப்பது கைப்பழக்கம். கோபத்தோடு வரும் ஆளுடன் கதைப்பதும், இயந்திரத்தை முதன்முதல் கழற்றிக் கழுவுவதும் பக்கத்தில் ஒருவர் நின்று பழக்க வேண்டியவை. அதற்கு முன் ஒரு தடவை காட்டி வைக்கவும், பின்னால் மறந்த படியை நினைவூட்டவும், வேலை நடுவே சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கவும் போன் நன்றாக உதவும்.

யார், எங்கே, எந்தப் போனில் பார்ப்பார்கள்

பாடம் எழுத உட்காருமுன் பணியாளர்களோடு பத்து நிமிடம் கதையுங்கள். என்ன போன், அதில் எவ்வளவு இடம் மிச்சம், டேட்டா எப்படிப் போடுகிறார்கள், தமிழ் வாசிப்பது வசதியா, கேட்பது வசதியா? நாற்பது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து இருக்கும், வேலை நேரத்தில் கண்ணாடி வீட்டில் கிடக்கும். போன் திரை மூலையில் வெடித்திருக்கும். உங்கள் கையிலுள்ள புதுப் போனில் அழகாகத் தெரிவது அவர்களின் போனில் எப்படித் தெரிகிறது என்பதுதான் கணக்கு.

போனைப் பிடிக்கிற விதத்தையும் பாருங்கள். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் பொது இடங்களில் போன் பாவிப்பவர்களை அவதானித்து 2013இல் எழுதியதில், திரையைத் தொட்டுப் பாவித்தவர்களில் 49 சதவீதமானோர் ஒரே கையால் பிடித்துப் பெருவிரலால் இயக்கினார்கள். நம் கடைகளில் மற்றக் கையில் துடைக்கிற துணியோ தட்டோ இருக்கும். ஆகவே அழுத்த வேண்டிய பொத்தான் பெருவிரல் எட்டுகிற இடத்தில், திரையின் நடுவிலோ கீழ்ப்பாதியிலோ இருக்கட்டும். அன்ட்ரொய்ட் வடிவமைப்பு வழிகாட்டுதல் கேட்கும் பொத்தான் அளவு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். அதைவிடச் சிறிதாக வைத்தால் பக்கத்துப் பொத்தானில் விரல் படும்.

உணவு கையாளும் இடத்தில் இன்னொரு விடயம் இருக்கிறது. போனைத் தொட்ட கையால் கோனைத் தொடக்கூடாது. எனவே "வேலை செய்துகொண்டே பாருங்கள்" என்று சொல்ல முடியாது. ஷிஃப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடம், கை கழுவுவதற்கு முதல், என்று நேரத்தை நீங்களே ஒதுக்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் சம்பள நேரமாகவே கணக்கெடுங்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போன பிள்ளைக்குப் பாடத்தை அனுப்பி, காலையில் "பார்த்தியா?" என்று கேட்பது முறையில்லை. அப்படிப் பார்த்த பாடம் மனதிலும் நிற்காது.

டேட்டாச் செலவும் அப்படியே. நடுத்தரத் தரத்தில் விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு நிமிடத்துக்கு 7.5 எம்பி தின்னும். பத்து நிமிடம் என்றால் 75 எம்பி. அதே ஒரு நிமிடத்தை 32 கிலோபிட் ஒலிப்பதிவாக அனுப்பினால் கால் எம்பி போதும். சின்னச் சின்னதாக றீலோட் போடுகிற பணியாளருக்கு இந்த வித்தியாசம் பெரிது. கடையின் வைஃபையைத் திறந்து விடுங்கள், அல்லது றீலோட்டை நீங்கள் போடுங்கள். வேலைக்கான கருவிக்கு வேலை தருபவரே செலவழிக்க வேண்டும்.

தொலைபேசி இலக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் ஒருவரின் இலக்கம் எல்லாருக்கும் தெரியும். இளம் பெண் பணியாளர்களுக்கு இதனால் தேவையில்லாத அழைப்புகள் வருவதை நம் ஊரில் பலரும் அறிவார்கள். பாடம் அனுப்பக் குழு வேண்டியதில்லை. பிறோட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், ஒருவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. அவர்கள் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது மரியாதை.

எழுதும்போது: ஒரு திரை, ஒரு செயல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மினக்கெட்டுச் செய்யுங்கள்.

மனிதர் ஒரே நேரத்தில் மனதில் ஏந்தக்கூடியது கொஞ்சம்தான். உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் அதை ஏழு விடயம், கூடக்குறைய இரண்டு என்றார். நெல்சன் கோவன் 2001இல் ஏறக்குறைய நான்கு என்று இறக்கினார். கற்பவரின் மனச்சுமையைக் குறைக்கும்படி பாடத்தை அமைக்க வேண்டும் என்ற கோட்பாட்டை ஜோன் சுவெல்லர் 1988இல் முன்வைத்தார். சிறு திரையில் இது இன்னும் கூர்மையாகிறது. மேலே தள்ளிய வரி கண்ணிலிருந்து மறைந்துவிடும், அதை மனதில் சுமந்துகொண்டே கீழே வாசிக்க வேண்டும். ஆகவே ஒரு திரைக்கு ஒரு செயல், ஒரு பாடத்துக்கு நான்கைந்து திரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் காணப்படும் எழுத்துக் குறிப்பு பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

"ஐஸ்கிறீம் வகைகள் யாவும் உரிய வெப்பநிலையில் பேணப்படுவதை உறுதிப்படுத்துவது ஊழியர்களின் கடமையாகும் என்பதுடன், வெப்பநிலையில் மாற்றம் அவதானிக்கப்படும் பட்சத்தில் அது தொடர்பில் பொறுப்பான அதிகாரிக்கு அறியத்தரப்படவும் வேண்டும்."

யார் செய்வது, எப்போது, எந்த எண், யாருக்கு அறிவிப்பது? ஒன்றும் இல்லை. இதையே திரைகளாக எழுதிப் பார்ப்போம்.

முதல் திரை, உங்கள் கடைப் பிறீசரின் வெப்பமானிப் படத்தோடு: "கடை திறந்ததும் முதல் வேலை. பிறீசர் வெப்பமானியைப் பாருங்கள்."

இரண்டாம் திரை: "மைனஸ் 18, மைனஸ் 20: சரி. நேரத்தையும் எண்ணையும் புத்தகத்தில் எழுதுங்கள்."

மூன்றாம் திரை: "மைனஸ் 12, மைனஸ் 10: சூடு கூடிவிட்டது. கதவு வடிவாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள். மேற்பார்வையாளருக்குக் கோல் எடுங்கள்."

நான்காம் திரை: "இளகிய பெட்டியைப் புறம்பாக எடுத்து வையுங்கள். விற்க வேண்டாம். திரும்ப உறைய வைக்கவும் வேண்டாம்."

ஐந்தாம் திரை: "ஏன்? இளகும்போது கிருமி பெருகும். திரும்ப உறைந்தாலும் அது சாகாது."

மூன்றாம் திரை ஏன் தேவை என்றால், 18ஐ விட 10 சிறிய எண், ஆகவே 10 தான் கூடக் குளிர் என்று புது ஆட்கள் நினைப்பதுண்டு. இரண்டு வெப்பமானிகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அந்தக் குழப்பம் தீரும். இன்னொரு நுணுக்கம்: மைனஸைச் சிறு கோடாகப் போட்டால் சின்னத் திரையில் அது தெரியாமல் போகலாம். சிலவேளை கோடு ஒரு வரியின் முடிவிலும் 18 அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழும். வாசிப்பவருக்கு வெறும் 18 தான் தெரியும். எழுத்தில் "மைனஸ்" என்று போடுவது பாதுகாப்பு.

"ஏன்" என்ற திரையைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். காரணம் தெரிந்தவர், நீங்கள் எழுதாத சந்தர்ப்பம் வந்தாலும் சரியாக முடிவெடுப்பார். மின்சாரம் போய் வந்த இரவுக்கு மறுநாள் காலையில் என்ன செய்வது என்று அவரால் தானாக யோசிக்க முடியும். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

எண்கள் சொல்லும்போது நம்பகமான இடத்திலிருந்து எடுங்கள். சாப்பாட்டுக் கடை என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான உணவுக்கான ஐந்து விதிகள் கைகொடுக்கும்: சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், குளிராக வைப்பதை 5 பாகைக்குக் கீழேயும் சூடாக வைப்பதை 60 பாகைக்கு மேலேயும் வையுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒருமுறை காட்டுங்கள். பிழையான எண் ஒன்று போனுக்குப் போன் பாய்ந்து பரவினால் திரும்பப் பிடிக்க முடியாது.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியது நிறைய. நம் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அந்த எழுத்தைப் பிரதி எடுத்துப் போனில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். முதலில் எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் வாசியுங்கள், ஏனென்றால் கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கலாம். எழுத்தைப் படமாக்கி அனுப்புவதைத் தவிருங்கள். வெள்ளெழுத்து உள்ளவர் போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரிதாகாது.

தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் சுழியும் கொம்பும் இருப்பதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். நீண்ட சொற்கள் பொத்தானுக்குள் அடங்காது: "சமர்ப்பிக்கவும்" என்பதற்கு "அனுப்பு" போதும். வெயிலில் பார்ப்பவருக்காக வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கின்றன. சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து அழகுதான், ஆனால் நடுப்பகல் கஸ்தூரியார் வீதியில் அது கண்ணுக்குத் தெரியாது.

படமும் குரலும்

வீடியோ எடுக்கப் போனே போதும். நிமிர்த்திப் பிடித்து எடுங்கள், பார்ப்பவரும் நிமிர்த்தித்தான் பிடிப்பார். வேலை செய்பவரின் தோளுக்கு மேலாக, அவர் கண்ணுக்குத் தெரிவது போலவே கையைக் காட்டுங்கள். எதிரே நின்று எடுத்தால் இடம் வலமாகத் தெரியும், பார்ப்பவர் மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். கடைப் பெயர், இசை, வணக்கம் ஒன்றும் வேண்டாம். முதல் விநாடியிலேயே கை வேலையைத் தொடங்கட்டும். ஒரு வீடியோ ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் இரண்டாக வெட்டுங்கள். வாடிக்கையாளரின் முகம் விழாமல் பாருங்கள்.

குரல் கொடுக்க அறிவிப்பாளர் தேவையில்லை. கடையில் நல்லாக வேலை தெரிந்த அக்காவோ அண்ணையோ தாங்கள் கதைக்கிற விதத்திலேயே சொல்லட்டும். "இந்தக் கரண்டியை ஒவ்வொருக்காலும் கழுவித்தான் திரும்ப வைக்கோணும், தேங்கின தண்ணியுக்க போட்டு வைக்கக் கூடாது" என்று அவர் சொன்னால் புதுப் பிள்ளை நம்பிக் கேட்கும். அவருக்கும் அது பெருமை.

உளவியலாளர் ரிச்சட் மேயர் பல்லூடகக் கற்றல் (படம், குரல், எழுத்து சேர்ந்த கற்றல்) பற்றிச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று: படத்தோடு குரல் ஓடும்போது அதே வசனங்களைத் திரையிலும் முழுக்க எழுதினால் கற்றல் கெடுகிறது. கண் எழுத்தை வாசிப்பதா கையைப் பார்ப்பதா என்று அலைகிறது. ஆனால் திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குரல் கேட்காதே? அதற்கு நடுவழி இருக்கிறது. செயலையும் எண்ணையும் மட்டும் இரண்டு மூன்று சொல்லில் திரையில் போடுங்கள்: "கை கழுவு, 20 விநாடி." சத்தம் இல்லாமல் பார்ப்பவரும் தவற விடமாட்டார்.

கேள்வி கேட்காவிட்டால் மறந்துபோகும்

படித்தது நேரம் போகப் போக மறந்துபோவதை ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர் 1885இலேயே தன்னைத்தானே பரிசோதித்து அளந்து காட்டினார். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனை நமக்கு நேரடியாக உதவும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் மற்றவர்களை விடக் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு கிழமைக்குப் பின் பார்த்தால், வாசித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். பணியிடத்தில் நமக்குத் தேவை இந்த ஒரு கிழமைக்குப் பிந்திய நினைவுதான்.

ஆகவே பாடம் முடிந்த கையோடு ஒரு கேள்வி, அடுத்த நாள் ஒரு கேள்வி, மூன்று நாள் கழித்து ஒன்று, அடுத்த கிழமை ஒன்று. அதிகம் வேண்டாம், ஒரு தடவைக்கு ஒரு கேள்வி போதும். தேத்தண்ணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம்.

கேள்வியின் தரம் முக்கியம். "ஐஸ்கிறீமை எத்தனை பாகையில் வைக்க வேண்டும்?" என்பது பள்ளிக்கூடக் கேள்வி. எண் தெரிந்தவரும் வேலையில் பிழை விடலாம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"காலை 9 மணி. நீங்கள் தனியாகக் கடை திறக்கிறீர்கள். பிறீசர் மைனஸ் 9 காட்டுகிறது. மேலே இருக்கிற இரண்டு பெட்டி இளகியிருக்கிறது. என்ன செய்வீர்கள்?
அ) குளிரைக் கூட்டிவிட்டு, உறைந்த பிறகு விற்பேன்.
ஆ) இரண்டு பெட்டியையும் புறம்பாக வைத்து, மேற்பார்வையாளருக்குக் கோல் எடுப்பேன்.
இ) இளகியதை மில்க் ஷேக்குக்குப் பாவிப்பேன்."

அ, இ இரண்டும் கடைகளில் நிற்பவர்களுக்கு உண்மையாகவே தோன்றக்கூடிய யோசனைகள். பிழையான விடைகள் அங்கிருந்துதான் வர வேண்டும். ஒருவரும் தெரிவு செய்யாத விடையைப் போட்டு இடத்தை நிரப்ப வேண்டாம். "மேற்கூறிய அனைத்தும்" என்பதையும் விட்டுவிடுங்கள். பிழையாகச் சொன்னவருக்குச் சிவப்புப் புள்ளடி மட்டும் காட்டினால் ஒன்றும் படிக்கமாட்டார். "இளகியதைப் பாலோடு அடித்தாலும் கிருமி அப்படியே இருக்கும். எவ்வளவு நேரம் இளகியிருந்தது என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் விற்காமல் புறம்பாக வைக்கிறோம்" என்று ஒரு விளக்கம் வரட்டும்.

பெறுபேற்றைக் குழுவில் போட்டு யார் முதலாமிடம், யார் கடைசி என்று காட்டாதீர்கள். வெட்கப்பட்டவர் அடுத்த தடவை பக்கத்து ஆளிடம் கேட்டுப் பதில் அனுப்புவார். உங்களுக்கும் உண்மை நிலை தெரியாமல் போகும்.

எதில் போடுவது

பத்து இருபது பேர் என்றால் வட்ஸ்அப்பும் கூகுள் ஃபோர்ம்ஸும் போதும். இரண்டிலும் தமிழ் ஒழுங்காக வரும். ஃபோர்ம்ஸில் ஒரு விடையைத் தெரிவு செய்தவரை வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. பிழையாகச் சொன்னவருக்கு விளக்கத் திரையும் சரியாகச் சொன்னவருக்கு அடுத்த கேள்வியும் காட்டலாம்.

பல கிளைகள், அடிக்கடி ஆள் மாற்றம், யார் எதை முடித்தார் என்ற பதிவு தேவை என்றால் மூடில் பக்கம் போங்கள். பாடங்களைப் போட்டு நடத்த 2002இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. அதன் கைபேசிச் செயலியில் பாடத்தை இறக்கி வைத்துச் சிக்னல் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். நெடுந்தீவில் கிளை வைத்திருப்பவர்கள் குறிகட்டுவானில் படகு ஏறுமுன்னே பாடங்களை இறக்கி எடுத்துக்கொண்டு போகலாம். வெளி நிறுவனம் ஒன்றிடம் பாடம் செய்யக் கொடுத்தால், ஸ்கோர்ம் (வெவ்வேறு கற்றல் தளங்களிலும் ஓடும் பொதுவான பாட வடிவம்) வடிவத்தில் கோப்பைத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தந்தால் நாளைக்கு வேறு தளத்துக்கு மாறும்போது பாடமும் உங்களோடு வரும்.

வேலை நடக்கிற இடத்தில் கியூஆர் குறியீடு ஒட்டுவது எனக்குப் பிடித்த வழி. பிறீசர்க் கதவில் பிறீசர்ப் பாடம், இயந்திரத்தின் பக்கத்தில் கழுவுகிற பாடம். ஈரம் படாமல் லமினேட் செய்யுங்கள். ஒரு அடி தூரத்திலிருந்து பிடிக்க 3 சென்றிமீற்றர் அளவு வேண்டும். கீழே பாடத்தின் பெயரைத் தமிழில் எழுதுங்கள், வெறும் சதுரத்தைப் பார்த்து ஒருவரும் போனை எடுக்கமாட்டார்கள்.

அனுப்புமுன் மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

முடித்த பாடத்தை மூன்று நான்கு பேரிடம், அவரவர் போனில், கடைக்குள்ளேயே கொடுத்துப் பாருங்கள். ஒருவராவது வேலைக்குப் புதியவராகவும் ஒருவராவது வயதில் மூத்தவராகவும் இருக்கட்டும். பக்கத்தில் இருந்து பாருங்கள், உதவி செய்யாதீர்கள். அது கஷ்டம்தான், வாய் தன்னாலே திறக்கும். இப்படி ஒரு உரையாடல் வரலாம்:

"அண்ணை, இதில என்ன செய்யச் சொல்லுது?"

"நீங்க என்ன நினைக்கிறியள் தம்பி?"

"புத்தகத்தில எழுதச் சொல்லுது. எந்தப் புத்தகம் எண்டுதான் விளங்கேல்லை."

இந்த ஒரு வரிக்காகத்தான் மினக்கெடுகிறோம். எழுதியவருக்கு அந்தப் புத்தகம் கண்ணுக்குள் நிற்கிறது, புதியவர் அதைக் கண்டதே இல்லை. புத்தகத்தின் படத்தைத் திரையில் சேர்த்துவிட்டு, எங்கே தொங்குகிறது என்றும் எழுதுங்கள். விரல் எங்கே தயங்கியது, எந்தத் திரையில் பின்னால் போனார், எதை இரண்டு தரம் வாசித்தார் என்று குறித்துத் திருத்துங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்கு "நல்லாயிருக்கு" என்றுதான் சொல்லுவார்கள். போனை வாங்கி வைத்துவிட்டு, "இப்ப செய்து காட்டுங்கோ" என்று கேளுங்கள்.

வேலை மாறியதா என்று பாருங்கள்

டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற பயிற்சித்துறை அறிஞர் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா. பெரும்பாலானவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுவார்கள். சிறு கடைக்கு மூன்றாவதும் நான்காவதும்தான் சுலபம். பிறீசர்ப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள்? ஒரே கையெழுத்தில் ஒரு கிழமைக்கு "மைனஸ் 18" என்றே இருந்தால், ஒரு காலை சொல்லாமல் போய் நீங்களும் வெப்பமானியைப் பாருங்கள். வீசிய பெட்டிகளின் எண்ணிக்கையைத் திருவிழாவின் முதல் கிழமைக்கும் கடைசிக் கிழமைக்கும் ஒப்பிடுங்கள்.

பாடத்தைப் பார்த்தும் வேலை மாறவில்லை என்றால் பணியாளரைக் குறை சொல்லுமுன் காரணத்தைக் கேளுங்கள். பேனை இல்லை, மேற்பார்வையாளர் கோலை எடுப்பதில்லை, இளகியதைப் புறம்பாக வைத்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்ற பயம் என்று எதுவும் இருக்கலாம். கடைசிக் காரணம் உண்மையானால் நீங்கள் திருத்த வேண்டியது பாடத்தை அல்ல. இளகியதைச் சொன்னவருக்கு ஒரு ரூபாவும் வெட்டமாட்டோம் என்று முதலாளியின் குரலிலேயே பதிந்து, முதல் திரையில் போடுங்கள்.

பழைய பாடத்தை அகற்றுங்கள்

ஒவ்வொரு பாடத்தின் முதல் திரையிலும் திருத்திய மாதமும் ஆண்டும் இருக்கட்டும். பிறீசரை மாற்றினால் படத்தை மாற்றுங்கள், மேற்பார்வையாளர் மாறினால் இலக்கத்தை மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் போன பழைய வீடியோ போன்களில் கிடந்து அடுத்த வருடமும் சுற்றும். அதனால் மாறக்கூடிய விடயங்களைக் கோப்பாக அனுப்பாமல் இணைப்பாக அனுப்புங்கள், இணைப்புக்குப் பின்னால் இருப்பதை நீங்கள் எப்போதும் மாற்றலாம். ஆண்டுக்கு ஒரு தடவை, திருவிழாவுக்கு ஆள் எடுக்கிற அறிவித்தல் போடுமுன், எல்லாப் பாடத்தையும் பழைய பணியாளர் ஒருவரோடு இருந்து திறந்து பாருங்கள். எது இன்றைய வேலைக்குப் பொருந்தாதென்று அவர் உடனே சொல்லிவிடுவார்.